துவைக்கிற கல்லின் வயது

எங்கள் வாடகை வீட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் நானும் என் கணவரும் இருந்தோம். இன்னொன்றில் ராஜஸ்தான் இருந்தது.

இரண்டாயிரத்துகளின் நடுவில், ஓசூரில், பாகலூர் சாலையை ஒட்டிய ஒரு மாடி வீடு அது. கீழே வீட்டுச் சொந்தக்காரர் குடியிருந்தார். தெலுங்கு பேசும் அம்மா, தெருவில் எல்லாரும் அவரை ஓனரம்மா என்றுதான் சொல்வார்கள். மணற்கல் மூட்டைகள் ஆட்டோவிலிருந்து இறங்கி மாடிப்படி ஏறிய அன்று அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, ஓசூருல கல்லு இல்லையா?" என்பது. நியாயமான கேள்வி. சூளகிரியிலிருந்து கிருஷ்ணகிரி வரை எந்தப் பக்கம் திரும்பினாலும் மலையை அறுத்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊருக்கு நான் ரயிலில் கல் கொண்டுவந்திருந்தேன்.

நான் பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாக நிலவியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். வார நாட்களில் ஓசூரில் ஒரு பள்ளியில் பாடம் நடத்துவேன். சனிக்கிழமைகளில் அத்திப்பள்ளி தாண்டிப் போய் என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் திட்டு வாங்குவேன். துறையின் கல் கிடங்கு மழைக்கு ஒழுகும். அங்கே ஒருவர் கல் இன்னொருவர் கல்லோடு கலந்துவிடும் என்பதால், வீட்டில் வைத்துக்கொள், பத்திரமாக இருக்கும் என்றார் பேராசிரியர். அவரும் கல்யாணம் ஆனவர்தான். இருந்தும் அப்படிச் சொன்னார்.

ஆராய்ச்சி இதுதான். மேற்கு ராஜஸ்தானில் இரண்டு குன்றுகள். நடுவில் ஒரு நாள் ஜீப்பில் போகிற தூரத்துக்கு மணல். இரண்டும் பழைய பாலைவனம் இறுகிக் கல்லானவை. பழையது என்றால் அரசர் காலத்துப் பழையது இல்லை. நிலத்தில் புல்லே முளைக்காத காலத்தில் காற்று அடித்து அடித்துக் குவித்த மணல். கீழிருந்து மேலாக அடுக்கு அடுக்காக இருக்கும். கிழக்குக் குன்றின் எந்த அடுக்கு மேற்குக் குன்றின் எந்த அடுக்கோடு ஒரே காலத்தது, அந்தக் காலம் எது என்று சொல்ல வேண்டும். கடலடிப் பாறையாக இருந்தால் உள்ளே சிப்பி இருக்கும், சங்கு இருக்கும், எந்தச் சங்கு எந்தக் காலத்தது என்று படித்தவர்கள் சொல்லிவிடுவார்கள். என் குன்றுகளில் புதைபடிவம் என்று ஒன்றும் கிடையாது. ஒரு நத்தையாவது வழி தவறி வந்து செத்திருக்கலாம். செய்யவில்லை.

எனக்கு இருந்த ஒரே பிடி, மேற்குக் குன்றின் மூன்றாம் அடுக்குக்கு அடியில் விரல் தடிமனில் ஓடிய சாம்பல். எப்போதோ எங்கோ வெடித்த எரிமலையின் சாம்பல் காற்றில் வந்து படிந்தது. அந்தச் சாம்பலில் சிர்கான் என்ற பொடிமணிகள் இருக்கும். அவற்றுக்குள் யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறிக்கொண்டே இருக்கும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் வயது கிடைக்கும். மேற்குக் குன்றின் வயது கிடைத்துவிட்டால், அடுக்கைப் பொருத்திக் கிழக்குக் குன்றுக்கும் அதைக் கொண்டுபோகலாம். சாம்பலில் ஒரு துணிப்பை நிறைய எடுத்து வந்திருந்தேன். அந்த இடம் கல் குவாரி. நான் கிளம்பும்போதே அந்த அடுக்கைச் சேர்த்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி போனாலும் இருக்காது. என் முனைவர் பட்டம் மொத்தமும் அந்தப் பையில் இருந்தது.

இனி என் கணவர். விருதுநகர்ப் பக்கத்துக்காரர். சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனையில் வேலை. அந்தக் காலத்து ஓசூர்க் கம்பெனிகளில் ஃபைவ் எஸ் என்று ஒன்று சாமி மாதிரி கும்பிடப்பட்டது. ஜப்பானிலிருந்து வந்த ஒழுங்கு. வேண்டாததை விலக்கு, மிச்சத்தை அதனதன் இடத்தில் வை, தேய்த்துத் துடை, அதையே வழக்கமாக்கு, விடாமல் செய். மற்றவர்கள் அதைக் கம்பெனி வாசலோடு விட்டுவிட்டு டீக்கடைக்குப் போனார்கள். இவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். எங்கள் சமையலறைத் தரையில் கேஸ் சிலிண்டரைச் சுற்றி மஞ்சள் டேப்பில் ஒரு வட்டம் இருந்தது. சிலிண்டர் வட்டத்தை விட்டு நகர்ந்தால் இவருக்குச் சாப்பாடு இறங்காது. துடைப்பத்துக்குச் சுவரில் நிழல் வரைந்திருந்தார். நான் கிண்டல் செய்வேன், அவர் கண்டுகொள்ள மாட்டார். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. வேறு யாரையும் தொந்தரவு செய்யாத சந்தோஷம், சிலிண்டரைத் தவிர.

என் அக்காவுக்குப் பிரசவம் என்று நான் தர்மபுரிக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தேன். திரும்பி வந்த அன்று அவர் கதவைத் திறந்த விதத்திலேயே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தது. பரிசு வாங்கின பிள்ளை மாதிரி நின்றார்.

"கண்ண மூடிட்டு வா" என்றார்.

கற்கள் இருந்த அறைக்குக் கூட்டிப்போனார். கண்ணைத் திறந்தேன். மூட்டைகள் இல்லை. சுவரோரம் இரும்பு அலமாரித் தட்டுகள். அதில் என் கற்கள் அத்தனையும், குளித்து, காய்ந்து, வரிசையாக. தட்டுகளில் லேபிள் ஒட்டியிருந்தது. சிவப்பு பெரியது. சிவப்பு சிறியது. மஞ்சள் பெரியது. மஞ்சள் சிறியது. இதர நிறம்.

ஒவ்வொரு கல்லிலும் நான் வெள்ளைப் பெயின்டில் ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் எந்தக் குன்று, எந்த அடுக்கு என்று மையால் எண் எழுதியிருந்தேன். பாறையில் அடையாளம் வேறு கிடையாது. அந்தக் கல் எந்த உயரத்திலிருந்து வந்தது என்பதைச் சொல்ல அந்த எண் ஒன்றுதான்.

"வெள்ளையா இருந்துச்சே, அது எங்கங்க?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அமைதியாகக் கேட்டது.

"ஒவ்வொண்ணுலயும் பெயின்ட் சிந்திக் கெடந்துச்சும்மா. தின்னர் போட்டுக் கம்பி பிரஷ்ல தேய்ச்சேன். ரெண்டு நாள் லீவு போட்டேன்" என்றார். கையைக் காட்டினார். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

நான் தரையில் உட்கார்ந்தேன். கோபம் என்று சொன்னால் குறைவு. அந்த மனிதரை அந்தத் தட்டில் 'இதர நிறம்' வரிசையில் வைத்துவிடத் தோன்றியது. ஆனால் கோபத்துக்கும் முன்னால் பயம் வந்தது. எழுந்து ஒவ்வொரு தட்டாகப் பார்த்தேன்.

"ஒரு துணிப்பை இருந்துச்சு. சாம்பல் கலர்ல மண்ணு."

அவர் முகம் தெளிந்தது. "அத எறியல. ரெட் டேக் போட்டு வச்சிருக்கேன்."

அதுவும் கம்பெனி வழக்கம். எதற்கு என்று தெரியாத பொருளை உடனே எறியக்கூடாது. சிவப்பு அட்டை கட்டித் தனியாக ஓரிடத்தில் ஒரு மாதம் வைக்க வேண்டும். யாரும் கேட்டு வரவில்லை என்றால்தான் எறியலாம். எங்கள் வீட்டின் ரெட் டேக் இடமாக மாடிப்படிக்கு அடியில் ஒரு பெயின்ட் வாளியை வைத்திருந்தார். இறங்கி ஓடினோம். வாளிக்குள் சிவப்பு அட்டை மட்டும் கிடந்தது. பொருள்: மண். காரணம்: உபயோகம் தெரியவில்லை. பொறுப்பாளர்: வீட்டம்மா. எல்லாம் அழகான கையெழுத்தில் இருந்தது.

கொல்லையில் ஓனரம்மா துவைக்கிற கல்லின் மேல் பித்தளைக் குத்துவிளக்குகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார். வரலட்சுமி நோன்பு வருகிறது. விளக்குகள் தங்கம் மாதிரி மின்னின.

"வா கண்ணு. அந்தப் பொடி உங்களுதா? சீட்டு கட்டி வாளில போட்டிருந்திச்சி, வேணாங்கிறதுன்னு எடுத்துக்கினேன். இத்தனை வருசமா தேய்க்கிறேன், இப்படி வெளுத்ததே இல்ல. எந்தக் கடைல கிடைக்குது?"

கல்லின் மேல் புளியோடு பிசைந்த சாம்பல் எலுமிச்சம்பழம் அளவுக்கு மிச்சம் இருந்தது. அதை நான் இரண்டு கையாலும் வழித்து எடுத்தேன். ஓனரம்மா அவசரத்துக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் கொடுத்தார். அவ்வளவு வேண்டும் என்றால் எடுத்துக்கொள் என்றும் சொன்னார்.

அடுத்து வந்த நாட்களில் நானும் என் கணவரும் பேசிக்கொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. 'பால்', 'சாவி', 'கரன்ட் போயிருச்சு' என்ற அளவில் பேசிக்கொண்டோம். அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஒரு நாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது வீட்டில் மஞ்சள் டேப் ஒன்றுகூட இல்லை. சிலிண்டரைச் சுற்றி இருந்த வட்டத்தைச் சுரண்டி எடுத்திருந்தார். துடைப்பத்தின் நிழல்மேல் சுண்ணாம்பு அடித்திருந்தார். ஈரத் துண்டை நாற்காலியில் போட ஆரம்பித்தார். வேண்டுமென்றே போடவில்லை. எங்கே போடுவது என்பதில் அவருக்கு இருந்த ஆசை போய்விட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. கற்களைத் தேய்த்ததைக்கூட ஒரு நாள் மறந்திருப்பேன், அந்த ஈரத் துண்டைப் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். கற்களை வீட்டில் வைக்கச் சொன்னது யார் என்று இருவருக்கும் நினைவிருந்தது, இருவரும் அதைப் பேசவில்லை. "ஒரு எண்கூட மிஞ்சவில்லையா?" என்றார். சொரசொரப்பான சில கற்களில் பெயின்ட் சரியாகப் பிடிக்காமல் மை கல்லுக்குள் இறங்கியிருந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மங்கலாகத் தெரிந்தது. அதைச் சொன்னேன். "அப்படியானால் நீ அவற்றைப் பார்க்காதே. வேறு யாராவது படித்துக் குறித்துக்கொண்டு, மேலே மறைத்து ஒட்டட்டும். எது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் கல்லை மட்டும் பார்த்துப் பிரி. அப்புறம் எண்ணோடு ஒத்துப்பார்" என்றார்.

எனக்குத் தெரிந்து வேறு யாராவது என்றால் ஒருவர்தான். எண் படிப்பதும், மறைப்பதும், ஓகே சொல்வதும், ரிஜெக்ட் செய்வதும் அவருக்குத் தொழில். கேட்டதும் எழுந்து டார்ச்சைத் தேடினார். டார்ச் அதன் இடத்தில் இல்லை, ஏனென்றால் எதற்கும் இடமில்லாமல் ஆக்கியிருந்தார். கட்டிலுக்கடியில் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமைகள் இப்படிப் போயின. நான் ஒவ்வொரு கல்லாகக் கைக்கண்ணாடியில் பார்ப்பேன். காற்றில் உருண்ட மணலுக்கு ஒரு முகம் உண்டு. உருண்டையாக, பனி படிந்த கண்ணாடி மாதிரி மங்கலாக இருக்கும். அதற்குள்ளும் வேறுபாடுகள். ஒன்றில் மணிகள் பெரியவை. ஒன்றில் ஈரம் காய்ந்து வெடித்த சேற்றுப் பொருக்கு. ஒன்றில் மணலோடு மணலாக வெளிர் ரோஜா நிறத்தில் கார்னெட் மணிகள். பாலைவனத்துக்கு மணல் எந்த மலையிலிருந்து வந்ததோ அந்த மலையின் கையெழுத்து அது. காற்று திசை மாறி வேறு மலையிலிருந்து மணல் வரத் தொடங்கினால் கார்னெட் நின்றுபோகும். ஆகவே கார்னெட் இருக்கிற கற்கள் ஒரு காலத்தவையாக இருக்க வேண்டும். முகத்தை மட்டும் பார்த்து, நிறத்தைப் பார்க்காமல், தரையில் குவியல் குவியலாகப் பிரித்தேன். பிரித்து முடித்ததும் பார்த்தால், என் கணவர் அடுக்கிய 'சிவப்பு பெரியது' எல்லாக் குவியலிலும் இருந்தது.

அடுத்த ஞாயிறு ஒத்துப்பார்த்தோம். அவர் நாற்காலியில் காகிதத்தோடு உட்கார்ந்தார். நான் கார்னெட் குவியலிலிருந்து ஒவ்வொன்றாக நீட்டினேன். முதல் கல்லின் மேல் ஒட்டியிருந்ததை உரித்துக் காகிதத்தோடு சரிபார்த்தார்.

"கிழக்கு ரெண்டு" என்றார், கம்பெனிக் குரலில்.

அடுத்ததும் கிழக்கு இரண்டு. அதற்கடுத்தது வேறு.

"மேற்கு மூணு."

"ரெண்டா இருக்கும். நல்லாப் பாருங்க."

"மூணு."

"டார்ச்சச் சாச்சுப் புடிங்க."

"எப்படிப் புடிச்சாலும் மூணுதாம்மா" என்றார். கொஞ்சம் பயந்த மாதிரி, "ரிஜெக்டா?" என்று கேட்டார்.

அந்தக் குவியலில் எண் மிஞ்சியிருந்த மேற்குக் குன்றுக் கல் எல்லாமே மூன்றாம் அடுக்கு. கிழக்குக் கல் எல்லாமே இரண்டாம் அடுக்கு. நான் வருஷக்கணக்காக எழுதி வைத்திருந்தது, கிழக்கின் மூன்றாவதும் மேற்கின் மூன்றாவதும் ஒன்று, அதேபோல இரண்டாவதும் இரண்டாவதும் ஒன்று என்று. மூன்றாவது இரண்டும் நல்ல சிவப்பு, கனமான அடுக்குகள். அதனால் பொருத்தினேன். மேற்கின் மூன்றாம் அடுக்கில் கார்னெட்டைப் பார்த்தபோதெல்லாம், பக்கத்திலிருந்து காற்றில் வந்து சேர்ந்தது என்று எழுதிக் கடந்திருந்தேன். எண் முன்னால் இருந்தால் கண் எண்ணைத்தான் பார்க்கும். நிறமோ, மணல் கல்லாகி எத்தனையோ காலம் கழித்து நிலத்தடி நீர் ஏற்றிவிட்டுப் போன துரு. காலத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. என் கணவர் கற்களை நிறம் பார்த்து அடுக்கினார். நானும் அதைத்தான் செய்திருந்தேன், கொஞ்சம் ஆங்கிலத்தில்.

அவரிடம், "ஓகே" என்று மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கோபம் இன்னும் மிச்சம் இருந்தது, அதைச் சீக்கிரம் செலவழிக்க விருப்பமில்லை.

ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்த சாம்பலைக் கழுவிச் சலித்துப் பேராசிரியர் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை நான் கண்ட கனவிலெல்லாம் குத்துவிளக்கு வந்தது. பல மாதம் கழித்து முடிவு வந்தது. விளக்குகளுக்குப் போனது போக, சொற்ப மணிகள்தான் கிடைத்திருந்தன. ஆனால் அவை ஒரே வயதைச் சொல்லின, ஒன்றைத் தவிர. அந்த ஒரு மணி மற்றவற்றைவிடப் பல மடங்கு கிழம்.

பேராசிரியர் போன் செய்தார். "இருநூற்றைம்பது கோடி வருஷத்துக்காரர் ஒருவர் உள்ளே இருக்கிறார். யார் இவர்?"

"எங்க ஓனரம்மாவோட துவைக்கிற கல்லு சார்" என்றேன்.

எங்கள் துறையில் இன்னொரு மாணவர் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறைகளைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய பாறைகளின் வயதும் அதுவே. கொல்லையில் கிடந்த துவைக்கிற கல்லும் அந்த ஊர்ப் பாறைதான், சாம்பலை வழித்தபோது அதன் மணி ஒன்றும் சேர்ந்து வந்திருக்கிறது. பாலைவனத்துக்கே இல்லாத வயது எங்கள் கொல்லையில் சோப்பு நுரையோடு கிடந்திருக்கிறது.

இதை ஆய்வேட்டில் எப்படி எழுதுவது என்பதுதான் பிரச்சினை. எரிமலை வெடிக்கும்போது அடிப்பாறையிலிருந்து ஒரு பழைய மணி ஒட்டிக்கொண்டு வருவது உண்டு. அப்படி எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள். உள்ளதை எழுதினால், துவைக்கிற கல்லில் புளியோடு கிடந்த சாம்பலை வைத்து வயது சொல்கிறாயா என்று மொத்தத்தையும் தள்ளிவிடலாம். பேராசிரியர், முடிவு உன்னுடையது என்றார். இரண்டு வாரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன்.

என் கணவர்தான் கடைசியில், "எழுதிரும்மா. ரிப்போர்ட்ல மறைச்சா ஆடிட்ல மாட்டிரும்" என்றார். எழுதினால் அதில் அவரும் வருவார் என்று அவருக்குத் தெரியும். நான் எழுதினேன். சாம்பல் சில நாள் வீட்டுக்கு வெளியே ஒரு துவைக்கிற கல்லின் மேல் இருந்தது என்றும், எண்கள் தவறுதலாக அழிக்கப்பட்டன என்றும் இரண்டு வாக்கியம். யார் அழித்தார் என்று எழுதவில்லை.

வாய்மொழித் தேர்வு பொதுமக்கள் முன்னால் நடந்தது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். வழக்கமாக ஒருவரும் கேட்பதில்லை, சமோசாவுக்குக் காத்திருப்பார்கள். என் கணவர் ஷிப்ட் முடித்துக் கம்பெனிச் சட்டையோடு கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்தத் துவைக்கிற கல் வாக்கியத்தை மட்டும் உரக்கப் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், வாளி, சிவப்பு அட்டை, விளக்கு, புளி. அறையில் சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அந்த ஒரு மணியை நீக்கிவிட்டு மற்றவற்றை எப்படி நம்புவது என்று கேட்டார். ஓசூர்ப் பாறையில் இந்த இளம் வயது மணி இருக்க வாய்ப்பே இல்லை, அதனால் மற்றவை அங்கிருந்து வந்திருக்க முடியாது என்றேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

பிறகு வழக்கப்படி, பார்வையாளர்கள் யாராவது கேட்க விரும்புகிறீர்களா என்றார். கடைசி வரிசையில் ஒரு கை எழுந்தது.

என் கணவர் எழுந்து நின்றார். தமிழில்தான் கேட்டார். இரண்டு கையாலும் முன் நாற்காலியைப் பிடித்திருந்தார்.

"அந்த நம்பரையெல்லாம் யாரும் அழிக்காம இருந்திருந்தா, அந்த ரெண்டு குன்ற நீங்க சரியாப் பொருத்தியிருப்பீங்களா மேடம்?"

என்னை அதுவரை அவர் 'நீங்க' என்று சொன்னதில்லை, மேடம் என்றும் சொன்னதில்லை. ஒரு வருஷத்துக்கும் மேலாக அந்தக் கேள்வியை அவர் வீட்டில் கேட்கவில்லை. வீட்டில் கேட்டிருந்தால் நான் வேறு பதில் சொல்லியிருப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நானும் தமிழிலேயே சொன்னேன்.

"இல்லைங்க. தப்பாத்தான் பொருத்தியிருப்பேன். தப்புன்னு கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது."

தேர்வாளருக்குத் தமிழ் தெரியாது. என்ன சொன்னார்கள் என்று கேட்டார். பேராசிரியர் கன்னடக்காரர், ஓரளவுக்குப் புரியும். "ஆய்வு முறையைப் பற்றி ஒரு சந்தேகம், தீர்ந்துவிட்டது" என்று மொழிபெயர்த்தார்.

பட்டம் கிடைத்தது. ஓனரம்மாவுக்கு ஸ்வீட் கொடுத்தபோது, அந்தப் பொடி மறுபடி வந்தால் சொல்லச் சொன்னார்.

மறுநாள் காலையில் பால் காய்ச்சச் சமையலறைக்குப் போனேன். நாற்காலியில் ஈரத் துண்டு இல்லை. தரையில் மஞ்சள் டேப்பில் புது வட்டம் ஒன்று ஒட்டியிருந்தது. சிலிண்டர் கொஞ்சம் வெளியே இருந்தது. அதை நகர்த்தி வட்டத்துக்குள் வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன்.